மூன்றாவது ஓட்டை

சித்திரை, வைகாசியில் உச்சி வெயில் கொதித்துவிட்டுப் பிற்பகலில் பச்சைமலை மேல் மேகம் கட்டத் தொடங்கினால், அந்தக் காலத்து அரும்பாவூர் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி பரபரக்கும். களத்தில் காயும் சோளத்தை அள்ளுவார்கள். புளியமரத்தடியில் கட்டிய மாட்டை அவிழ்த்துக் கொட்டகைக்கு ஓட்டுவார்கள். நிலைக்கண்ணாடி மேல் துணி விழும். முதல் இடிக்கே பாட்டிமார் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியாக வீட்டில் வளர்ந்த ஆள் ஒருவர் போய் மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே தள்ளிவிட்டு, பீஸ் கட்டையையும் பிடுங்கி மாடத்தில் வைப்பார். எண்பதுகளின் இறுதியில் கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி நீண்ட குழாயில் ஆன்டெனாக்கள் நின்ற பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. டிவிக்குப் பின்னால் இருக்கும் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும்.

இவற்றில் பாதி நம்பிக்கை, பாதி பாதுகாப்பு. கண்ணாடியை மூடுவதால் மின்னல் திசை மாறாது. ஆனால் மரத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்தது மாட்டைக் காப்பாற்றியது. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கியது டிவியைக் காப்பாற்றியது. மெயினை இறக்குவதில் பாதிப் பலன் உண்டு. நேரே கம்பியில் விழுந்த மின்னல் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிவிடும். தூரத்தில் விழுந்த மின்னலால் கம்பியில் ஏறும் அழுத்தத்தை அந்த இடைவெளி பெரும்பாலும் நிறுத்திவிடும். அந்தப் பெரியவர்களுக்கு இதன் கணக்கு தெரியாது. ஆனால் வானத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கிறது, அதை அறுத்துவிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அன்று அந்தக் கம்பியின் முனையில் என்ன இருந்தது? இரண்டு குண்டு பல்பு, வசதியிருந்தால் ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. காட்டில் கிணற்று மோட்டார். பல குடிசைகளில் ஒரே ஒரு விளக்கு. மின்னல் வந்தாலும் அழிக்க அங்கே அதிகம் இல்லை. பல்பு போனால் கடையில் இன்னொன்று. மனிதருக்கும் மாட்டுக்கும் தென்னைக்கும் பனைக்கும்தான் பயம்.

என் சித்தப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நான் தொழில் படித்தது அந்தத் திண்ணையில்தான். எரிந்த மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, லெதராய்டு பேப்பரை ஒவ்வொரு காடியிலும் செருகி, புதுச் சுருளை இறக்கி, கட்டி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயப் போடுவோம். கடைக்கு வந்தவற்றில் மின்னலால் போன மோட்டார்கள் குறைவு. ஒரு பேஸ் வராமல் ஓடிக் கருகியவையே அதிகம். மூன்று பேஸும் குறிப்பிட்ட நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் கன்டன்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுவார்கள். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமான பிறகு காட்டில் மோட்டார்கள் பெருகின, எங்கள் கடையில் வேலையும் பெருகியது. மின்னலில் மோட்டார் அதிகம் போகாததற்குக் காரணம், அதை அவ்வளவு கெட்டியாகச் செய்வார்கள். அது ஓடும் வோல்டேஜைப் போல் இரண்டு மடங்கு, அதற்கு மேல் இன்னும் ஆயிரம் வோல்ட் ஏற்றி ஒரு நிமிடம் சோதித்த பிறகே தொழிற்சாலையை விட்டு வெளியே அனுப்ப வேண்டும் என்பது விதி. 415 வோல்ட் மோட்டார் என்றால் ஏறக்குறைய 1,800 வோல்ட். தூரத்து மின்னலின் சிறு தாக்குதல்களை அது தாங்கிக்கொள்ளும்.

இன்று அதே கிணற்று மேட்டில் மோட்டாரோடு ஒரு மொபைல் ஸ்டார்டர் இருக்கிறது. அதற்குள் சிம் கார்டும் ஒரு சில்லும். வீட்டிலிருந்தபடியே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம். ராத்திரியில் பாம்புக்கும் பூரானுக்கும் பயந்து வரப்பில் நடந்த தலைமுறைக்கு இது பெரிய விடுதலை. நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சில்லு ஓடுவது 3.3 வோல்ட்டில் அல்லது 5 வோல்ட்டில். அதில் கோடு போல் ஓடும் செம்பு தலைமயிரைவிட மெல்லியது. மின்னல் மாறவில்லை, பச்சைமலை மாறவில்லை. கம்பியின் முனையில் இருக்கும் பொருள்தான் இரண்டாயிரம் வோல்ட் தாங்கியதிலிருந்து இருபது வோல்ட் தாங்காததாக மாறிவிட்டது.

மின்னலின் அளவைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். சாதாரணமாக ஒரு மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அபூர்வமாக 2 லட்சத்தையும் தாண்டும். நம் வீட்டு மெயினில் ஓடுவது பத்தோ இருபதோ ஆம்பியர். மின்னல் பாயும் தடத்தில் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரிக்குச் சூடாகிறது, சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. இத்தனையும் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தச் சூடு காற்றை வெடிக்க வைப்பதுதான் இடி.

"எங்க வீட்டு மேல இடி விழவே இல்லைங்க, ஆனா டிவி போயிருச்சு" என்று என்னிடம் வந்தவர்கள் ஏராளம். அவர்கள் சொன்னது உண்மை. மின்னல் வீட்டில் விழ வேண்டியதில்லை. ஏரிக்கரைப் பனையில் விழுந்தால் போதும். அந்தப் பெரும் மின்னோட்டம் திடீரென எழுந்து அடங்கும்போது சுற்றிலும் காந்தப்புலம் எழுந்து அடங்குகிறது. பக்கத்தில் நீளமாகக் கட்டிய எந்தக் கம்பியிலும் பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டிவிடுகிறது. மின்கம்பி நீளம், கேபிள் டிவி ஒயர் நீளம், மாடியிலிருந்து தெருமுனை வரை இழுத்த சிசிடிவி ஒயர் நீளம். அன்று வீட்டுக்குள் நுழைய மின்னலுக்கு இருந்தது ஒரு வாசல், டிவி வந்த பிறகு இரண்டு. இன்று மின்கம்பி, கேபிள், கேமரா ஒயர், மாடி சோலார் ஒயர், போர் மோட்டார் ஒயர் என்று எத்தனையோ வாசல்கள். எல்லா வாசல்களும் கடைசியில் ஏதோ ஒரு போர்டில் சந்திக்கின்றன. இணையம் மட்டும் பல வீடுகளுக்குக் கண்ணாடி இழையில் வருகிறது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஆனாலும் மோடம் எரிகிறது, ஏனென்றால் அதன் அடாப்டர் சுவரில்தான் செருகியிருக்கிறது.

எங்கள் கடையின் முகம் மாறியதும் இப்படித்தான். 2006-க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, பிள்ளைகளுக்கு லேப்டாப். குடிசைக்குள்ளும் திரை ஒளிர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்த வீடுகளில் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட்டே கிடையாது. இருந்தாலும் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பி கிடையாது. பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்து, இரண்டு ஓட்டையில் செருகினார்கள். நான் சொல்ல வந்தது இந்த மூன்றாவது ஓட்டையைப் பற்றித்தான்.

அது எர்த். அதன் வழியாக நாள்தோறும் எதுவும் ஓடாது. அது இல்லாவிட்டாலும் டிவி பாடும், பிரிட்ஜ் குளிரும். அதனால்தான் அதை யாரும் தேடுவதில்லை. சித்தப்பா அப்படி இருக்கவில்லை. புது வீட்டுக்கு ஒயரிங் எடுத்தால் முதல் வேலை எர்த் குழி. வீட்டுக்காரர் கதவுக்கு என்ன மரம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் குளிக்கும் கல் எங்கே வரும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஈரம் நிற்கும் இடத்தில்தான் குழி. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். அதில் ஓட்டை போட்ட ஜிஐ குழாயை நிறுத்திச் சுற்றிலும் ஒரு வரி அடுப்புக்கரி, ஒரு வரி கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு என்று நிரப்புவார். மேலே சிமென்ட் தொட்டி, மூடி. குழாயின் தலையில் போல்ட் போட்டு எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி மெயின் போர்டுக்குப் போகும். பங்குனி வந்தால் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுத்தான் கூலி வாங்குவார். உப்பும் ஈரமும் சேர்ந்தால்தான் மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊர் மலையடிவாரம். சரளையும் செம்மண்ணும் கலந்த தரையில் இந்தப் பக்குவம் இல்லாமல் எர்த் நிற்காது. கோடையில் மண் உலர்ந்துபோகும், கோடை மழையின் இடிமின்னலும் அப்போதுதான் வரும். அதனால்தான் அந்தப் பங்குனிக் குடம்.

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் பல்பைப் பிடித்துப் பார்ப்பார். பளிச்சென்று எரிந்தால் எர்த் சரி. மங்கினால் மறுபடி குழி. இன்று அதற்கு மீட்டர் இருக்கிறது. மின்னல் பாதுகாப்புக்கு 10 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது என்கின்றன விதிகள். வீட்டில் ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்சிசிபி இருந்தால் பல்பு சோதனை அதைத் தட்டிவிடும். அந்தச் சோதனையை இன்று யாருக்கும் நான் சொல்லித் தருவதில்லை. ஆபத்தும் கூட.

இன்று நிலைமை என்ன? மூன்று மாடிக்குக் கிரானைட் போட்ட வீட்டில் மூன்றடிக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு அதை எர்த் என்கிறார்கள். பிறகு அதன் மேல் டைல்ஸ் வந்துவிடும். தண்ணீர் ஊற்ற வழியே இல்லை. சில இடங்களில் சுவிட்ச் பெட்டியைக் கழற்றினால் பச்சை ஒயர் நாலு அங்குலத்தில் நறுக்கி உள்ளே மடக்கியிருக்கும். இன்னும் சில இடங்களில் எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் அந்த வீட்டு பிரிட்ஜின் கைப்பிடி உயிரெடுக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. முன்பு தெருக் குழாயிலிருந்து வீடு வரை இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடியது. தெரிந்தோ தெரியாமலோ அதில் எர்த் கம்பியைச் சுற்றினாலும் ஓரளவு வேலை செய்தது. இப்போது எல்லாம் பிவிசி. பழைய பழக்கத்தில் இன்றும் அந்தக் குழாயில் கம்பியைச் சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். பிளாஸ்டிக்கில் சுற்றிய எர்த் எங்கும் போகாது.

எங்கும் போகாத கம்பி என்ன செய்யும் என்பதற்கு மின்னல் ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1752-ல் பட்டம் விட்ட கதை பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தது. அதே ஆண்டுகளில் பிலடெல்பியாவில் கூரை மேல் இரும்புக் கம்பி நிறுத்தி, அதை மண்ணில் இறக்கும் வழக்கத்தை அவர் தொடங்கினார். கூர்முனை மேகத்தின் மின்னைச் சத்தமில்லாமல் உறிஞ்சி இடியே விழாமல் செய்துவிடும் என்று முதலில் அவர் எண்ணினார். பிறகு தெளிந்த உண்மை வேறு: கம்பி மின்னலைத் தடுப்பதில்லை, விழுகிற மின்னலுக்குச் சுவரைத் தொடாமல் மண்ணுக்குப் போகும் பாதை தருகிறது. அந்தப் பாதை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1753-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கண்டது. ஜார்ஜ் ரிச்மன் என்ற விஞ்ஞானி கூரையிலிருந்து ஒரு கம்பியைத் தன் அறைக்குள் கொண்டுவந்து, மின்னின் அளவைப் பார்க்க ஒரு கருவியோடு சேர்த்திருந்தார். அளக்க வேண்டுமென்பதால் அதை மண்ணோடு சேர்க்கவில்லை. இடி இடித்தபோது அளவைப் பார்க்கக் குனிந்தவரின் நெற்றியில் மின்னல் பாய்ந்து அங்கேயே இறந்தார். அவர் அறிந்தே அளக்க நின்றவர். நம் வீடுகளில் எர்த் இல்லாத கம்பிகள் அறியாமலே நிற்கின்றன.

கோபுரக் கலசத்தைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. கலசத்தில் வரகு இருப்பதால் இடி தாங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. வரகு நெடுநாள் கெடாத தானியம். பஞ்சத்துக்குப் பிறகு விதைக்க ஒரு பிடி மிஞ்சட்டும் என்று வைத்தார்கள் என்றால் அதில் பெரிய அறிவு இருக்கிறது. ஆனால் தானியம் மின்னலைத் தின்னாது. ஊரில் உயரமான இடத்தில் உலோகக் கலசம் நின்றால் மின்னல் அதைத் தேடி வரும் என்பது உண்மை. வந்தது கல்லுக்குள்ளும் சுதைக்குள்ளும் நுழைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஒரு கணத்தில் ஆவியாகிக் கல்லைப் பிளக்கும். அதனால்தான் இப்போது பல கோபுரங்களில் கலசத்துக்குப் பக்கத்தில் ஒரு கூர்முனையும், பின்பக்கமாகக் கீழே இறங்கும் உலோகப் பட்டையும் பார்க்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் மாதிரி சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் அந்தப் பட்டையைத்தான் தேடும். பட்டை தரையைத் தொடும் இடத்தில் குழி இருக்கிறதா, அதில் ஈரம் இருக்கிறதா என்று தேடும்.

வீட்டுக்குள் வருவோம். "ஸ்டெபிலைசர் இருக்குதே, பின்ன எப்படிப் போச்சு?" என்று கேட்காதவர் குறைவு. ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜைச் சரிசெய்யும் பெட்டி. அதன் ரிலே மாறச் சில மில்லி செகண்ட் முதல் இருபது மில்லி செகண்ட் வரை ஆகும். மின்னல் தூண்டிய அழுத்தம் சில பத்து மைக்ரோ செகண்டில் வந்து அடித்துவிட்டுப் போய்விடும். ரிலே விழித்துக்கொள்வதற்குள் பல நூறு மடங்கு தாமதம். எம்சிபி அதிக மின்னோட்டத்துக்கும் ஷார்ட்டுக்கும்; ஆர்சிசிபி மனிதன் ஷாக்கில் சாகாமல் இருக்க. இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் மின்னலைப் பிடிக்கிற வேலை அவற்றுடையது அல்ல.

அதற்கென்று ஒரு பொருள் உண்டு. எஸ்பிடி என்கிறார்கள், கடையில் 'சர்ஜ் அரெஸ்டர்' என்று கேட்டாலும் தருவார்கள். உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடை மாவாக்கிச் சுட்ட ஒரு வில்லை. எங்கள் பெரிய ஏரியின் கலிங்கை நினைத்தால் அது செய்வது புரியும். ஏரியில் தண்ணீர் அளவோடு இருக்கும்வரை கலிங்கு வழியாக ஒரு சொட்டும் போகாது. அளவைத் தாண்டியதும் மறுகால் பாயும், கரை பிழைக்கும். வில்லையும் 230 வோல்ட்டில் சும்மா இருக்கும். ஏழெட்டு நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கண்ணிமைப்பதற்கு முன்பே திறந்து மிச்சத்தை எர்த்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். கலிங்குக்குக் கீழே வாய்க்கால் தூர்ந்திருந்தால் அந்த வெள்ளம் ஊருக்குள்தான் வரும். எர்த் இல்லாத வீட்டில் எஸ்பிடி மாட்டுவது அப்படித்தான் முடியும். மூன்றாவது ஓட்டையில் கம்பி இல்லாத சுவரில் செருகிய விலையுயர்ந்த ஸ்பைக் பஸ்டரை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். பச்சை விளக்கு எரிகிறது. வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதியைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

மாட்டுகிற விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இவ்வளவு வேகமாக எழும் மின்னோட்டத்துக்கு நேரான கம்பியே தடை. மின்னலின் வேகத்தில் ஒரு மீட்டர் கம்பியின் இரு முனைக்கும் நடுவே ஆயிரம் வோல்ட் வரை நிற்கலாம். அதனால் எஸ்பிடிக்குப் போகிற, வருகிற ஒயர் இரண்டும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஒயர்மேன்கள் மிச்ச ஒயரை வெட்ட மனமில்லாமல் அழகாகச் சுருள் சுருளாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பார்க்க நேர்த்தி. மின்னலுக்கு அந்தச் சுருள் மூடிய கதவு. எர்த் கம்பியைக் குட்டையாக, நேராக, கூர்மையான வளைவு இல்லாமல் இறக்குவதுதான் கைத்திறன். எஸ்பிடியின் முகத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் அது தன் பங்கை வாங்கி முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். ஒவ்வோர் அடியிலும் வில்லை கொஞ்சம் தேய்கிறது.

மின்னல் இல்லாமலே வீட்டைக் கொளுத்தும் இன்னொன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். காற்றில் கிளை முறிந்து தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால், மூன்று பேஸிலும் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகிவிடும். இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். யார் வீட்டில் சுமை குறைவோ அவர் வீட்டில் வோல்டேஜ் ஏறும். ஒரு பக்கம் பல்பு மங்கும், எதிர்வீட்டில் பளீரென்று எரிந்து வெடிக்கும். எங்கள் தெருவில் ஒரு ஐப்பசி இரவில் இப்படி ஆகி, மறுநாள் காலை என் கடை வாசலில் டிவியும் மோடமும் இன்வெர்ட்டரும் வரிசையாக வந்து இறங்கின. இது மைக்ரோ செகண்டில் போகிற வெள்ளம் அல்ல, நிமிடக்கணக்கில் நிற்கும். வில்லை தாங்காது, கருகிவிடும். வோல்டேஜ் எல்லை தாண்டினால் இணைப்பையே துண்டிக்கும் கருவி ஒன்று மெயினில் தனியாக வேண்டும். அன்று இதே நியூட்ரல் அறுந்தால் இரண்டு குண்டு பல்பு போகும், அவ்வளவுதான்.

வீட்டுப் பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உயிர் இவை எல்லாவற்றுக்கும் மேல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். இப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள். பெரம்பலூர் மாவட்டம் முழுக்க இப்போது மக்காச்சோளமும் பருத்தியும். களை எடுக்கிற பெண்கள் மழை தூறினால் ஒதுங்குவது ஒற்றை வேப்பமரத்தடியில். புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி தந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைப் போனிலேயே காட்டும். போன் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒளியைப் பார்த்ததும் இடி கேட்கும்வரை நொடிக்கு ஒன்றாக எண்ண வேண்டும். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள்; காரை வீட்டுக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மொபைல் போன் மின்னலை இழுக்கும் என்று பலர் பயந்து போனை அணைத்துவிடுகிறார்கள். அது இழுக்காது. எச்சரிக்கை வரும் வழியை அணைப்பதுதான் ஆபத்து. சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனைக் காதில் வைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அக்கா வீட்டில் மரச்சிற்பப் பட்டறை. எங்கள் ஊர்ச் சிற்பம் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. வாகையும் மாவும் வேம்பும் இங்கே சாமியாகவும் தேராகவும் மாறுகின்றன. அத்தான் காலத்தில் பட்டறையில் இருந்தது உளி, கொட்டாப்புளி, வாய்ச்சி. இடி இடித்தால் ஒரு பீடி பற்றவைத்து மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இழக்க எதுவும் இல்லை. அவர் மகன் இப்போது கடன் வாங்கி ஒரு சிஎன்சி மெஷின் போட்டிருக்கிறான். முரட்டுச் செதுக்கை மெஷின் பார்த்துக்கொள்ளும், முகமும் விரலும் கண்ணும் இன்னும் கையில்தான். அந்த மெஷினுக்குள் டிரைவர் போர்டுகள், கட்டுப்பாட்டு போர்டு, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் போன ஆடி மழையில் இதே மாதிரி மெஷினின் போர்டு போய், வாங்கிய வேலையை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் தவித்ததை இவனே பார்த்திருக்கிறான்.

"மாமா, நல்ல கம்பெனி ஸ்டெபிலைசரா ஒண்ணு சொல்லுங்க" என்று வந்தான்.

"முதல்ல எர்த் எங்கடா இருக்கு, காட்டு" என்றேன்.

பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போனான். சுவரோரம் ஒரு கம்பி தரைக்குள் போயிருந்தது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஒரு முழம் கூட இல்லை.

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. பையன் மேல் குறையில்லை. மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று நம்பினான். யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

கைகால் கழுவும் தொட்டிக்குப் பின்பக்கம் இடம் குறித்தேன். அக்கா அங்கே மருதாணிச் செடி வைத்திருந்தாள். கொஞ்சம் வாக்குவாதம் ஆகி, செடி இரண்டடி நகர்ந்தது. குழி வெட்டிக் குழாய் இறக்கினோம். கரிக்கும் உப்புக்கும் பதில் இப்போது பெண்டோனைட் களிமண் கலவை மூட்டையாகவே கிடைக்கிறது. ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும், உப்பு மாதிரி குழாயை அரிக்காது. அதையே போட்டேன். சித்தப்பா இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பார். மெயின் போர்டில் எஸ்பிடி, அதிக வோல்டேஜில் துண்டிக்கும் கருவி, ஆர்சிசிபி. எஸ்பிடியிலிருந்து எர்த்துக்குக் குட்டையாக ஒரு தடித்த செம்பு ஒயர். மெஷின் உடம்பு, கம்ப்யூட்டர் மேசைக்கான பிளக், மாடி சோலார் சட்டம் எல்லாவற்றையும் ஒரே செம்புப் பட்டையில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி வெட்டினால் மின்னல் விழும்போது ஒரு குழிக்கும் இன்னொரு குழிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அந்த வித்தியாசம் மெஷினுக்குள் புகுந்து பாயும். குழி எத்தனை வெட்டினாலும் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும்.

"கேமரா ஒயரையுமா மாமா?"

"அதையும்தான். அதுக்குத் தனியா சின்ன எஸ்பிடி வரும், வாங்கிக்க. கேபிள்காரர் லைன் உள்ள வர்ற இடத்துலயும் ஒண்ணு போடணும். மழை வர்றப்போ மெஷின் ஓடலைன்னா பிளக்கை உருவிரு, இதெல்லாம் இருக்குன்னு சும்மா இருந்துறாத. இடி ஆரம்பிச்சப்புறம் கை வைக்காத, அதுக்கு முன்னாலயே."

மீட்டர் வைத்துப் பார்த்தோம், நாலு ஓமுக்குச் சற்றுக் கீழே. அவன் அந்த எண்ணையும் தேதியையும் குழித் தொட்டியின் உள்சுவரில் பெயின்ட்டால் எழுதினான். பங்குனியில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தெருவில் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, குழாய் எத்தனை அடி, அந்தக் கலவை மூட்டை எந்தக் கடையில் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் பட்டறைக்கு அடுத்த வாரம் கடப்பாரையோடு போக வேண்டும்.